கொலைகாரனைக் காட்டிக்கொடுத்த கேசட் பெட்டி

கொலைகாரன் யார் என்று கடைசி வரை ஊகிக்க வைக்கிற ஒரு படத்தை எடுக்கிறீர்கள். படம் கேசட்டாகக் கடைக்கு வருகிறது. பெட்டிப் படத்தையும் விளம்பரத்தையும் கவனமாகப் பார்த்தவருக்கு, கேசட்டை வி.சி.ஆரில் தள்ளுவதற்கு முன்பே ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது. விற்பனைக்கு முன்னிறுத்தப்பட்ட பெயர்கள் இரண்டு. அதில் ஒருவருக்குப் படத்தில் சின்ன வேடம், நடுவழியிலேயே செத்துப்போவார். இன்னொருவர் கடைசிச் சில நிமிடங்களில் போலீஸ் உடையில் தலைகாட்டிவிட்டுப் போவார். போதாக்குறைக்கு, எதைப் பார்க்க இந்த மாதிரிப் படத்தை ஜனங்கள் வாடகைக்கு எடுப்பார்களோ, அந்தக் காட்சிகளில் பெரும்பகுதி உள்ளே இல்லை.

1989-இல் வந்த 'இன்ட்ரூடர்' என்ற அமெரிக்க ஸ்லாஷர் படத்துக்கு நேர்ந்த கதி இது. ஸ்லாஷர் என்றால் கத்தியோடு ஒருவன் கூட்டத்தை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் வெட்டுக்குத்துப் படம். தியேட்டருக்கே போகாமல் நேராக வீடியோ கடைக்குப் போன படம் இது. எடுக்க ஆன செலவு சுமார் 1 லட்சம் டாலர், ஹாலிவுட் கணக்கில் டீச்செலவு. ஆனால் வீடியோ வியாபாரம் ஒரு சின்னப் படத்தை எப்படிப் பிறக்க வைத்தது, எப்படிக் கையைக் காலை முறித்தது, அப்புறம் எப்படி எழுப்பி உட்கார வைத்தது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கொலைகாரன் யார் என்பதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பாவத்தை ஒருமுறை செய்தது போதும்.

இயக்குநர் ஸ்காட் ஸ்பீகல் மிச்சிகன் மாநிலத்துக்காரர். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள புறநகர்களில் வளர்ந்த சாம் ரைமி, புரூஸ் கேம்ப்பெல் கூட்டத்தில் இவரும் ஒருவர். பள்ளிப் பருவத்திலிருந்தே வீட்டில் படம் எடுக்கிற சூப்பர் 8 என்ற சின்ன ஃபிலிம் கேமராவை வைத்துக்கொண்டு குட்டிக் குட்டிப் படங்கள் எடுத்துத் தள்ளிய கூட்டம் அது. பெரும்பாலும் அடிதடிக் காமெடி. அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1981-இல் 'தி ஈவில் டெட்' என்ற திகில் படம் வந்தது, ரைமியின் பெயர் வெளியே தெரிந்தது. 1987-இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தை ரைமியோடு சேர்ந்து எழுதியவர் ஸ்பீகல்.

இவர் இளவயதில் ஊரில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். கடை மூடிய பிறகு உள்ளே இருந்து சரக்கை அடுக்குகிற நைட் ஷிஃப்ட் ஆட்களை ஒரு கொலைகாரன் வேட்டையாடினால் எப்படி இருக்கும் என்ற யோசனை அங்கே பிறந்ததுதான். அதை 'நைட் க்ரூ' என்ற பெயரில் 1970-களின் முடிவில் சூப்பர் 8-இல் குறும்படமாக எடுத்தார். பத்து வருஷம் கழித்து அதே யோசனைதான் முழுநீளப் படமானது. லாரன்ஸ் பெண்டர் என்ற இளைஞர் தயாரிப்பாளராகச் சேர்ந்தார், கதையிலும் அவர் பங்கு உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மூடிக்கிடந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டைப் பிடித்து, இரவுகளில் படமாக்கினார்கள்.

கதை இரண்டு வரிதான். கடையின் இரண்டு பங்குதாரர்கள் அதை விற்றுவிடப்போவதாக அறிவிக்கிறார்கள். அன்றிரவு ஊழியர்கள் இருந்து எல்லாச் சரக்குக்கும் பாதி விலை ஒட்ட வேண்டும். கல்லாவில் இருக்கும் ஜெனிஃபரைத் தேடி, சிறையிலிருந்து வெளியே வந்த பழைய காதலன் வந்து கலாட்டா செய்கிறான், துரத்திவிடுகிறார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். அவன்தானா, இல்லை வேறு யாராவதா?

வழக்கமான ஸ்லாஷர் படத்தில் கோடை முகாமில் கும்மாளமடிக்கிற பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சாவார்கள். இங்கே சாகிறவர்கள் நாளையோடு வேலை போகப்போகிற மளிகைக் கடை ஆட்கள். சாகும்போதும் வேலை செய்துகொண்டே சாகிறார்கள். ஒருவன் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறான், ஒருவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காய்கறிப் பகுதியில் கத்தியும் கையுமாக இருக்கிறான், ஒருவன் பின்பக்கம் காலி அட்டைப்பெட்டிகளை நசுக்கிக் கட்டுகிற இயந்திரத்தின் பக்கம் நிற்கிறான். கொலைக்கு வெளியிலிருந்து எந்த ஆயுதமும் வர வேண்டியதில்லை. கறி தொங்கவிடும் கொக்கி, எலும்பு அறுக்கும் ரம்பம், அட்டை நசுக்கும் இயந்திரம், எல்லாம் கடையிலேயே இருக்கிறது. அலுவலக மேஜையில் பில்களைக் குத்தி வைக்கும் கம்பி ஒன்று இருக்கும் பாருங்கள், படத்தில் அது போய்ச் சேருகிற இடம் ஒருவரின் கண். மளிகைக் கடையில் வேலை செய்த ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும். இந்தச் சாமான்களுக்கு நடுவில் சலிப்போடு நின்றுகொண்டு, இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று பல இரவு கணக்குப் போட்டிருக்க வேண்டும் அவர்.

கேமராவும் அப்படித்தான். தள்ளுவண்டியின் கம்பி வலைக்குள் உட்கார்ந்துகொண்டு, தள்ளுகிறவரின் முகத்தை நமக்குக் காட்டுகிறது. டெலிஃபோனின் எண் வட்டுக்குப் பின்னால் போய், சுழல்கிற துளைகள் வழியாகப் பார்க்கிறது. கதவைத் திறக்கப் பிடியைத் திருப்பினால் பிடியோடு சேர்ந்து தானும் திரும்புகிறது. கையில் காசில்லாத ஆள், இருக்கிற ஒரே கடையில் எத்தனை மூலை உண்டோ அத்தனையிலும் கேமராவைச் செருகிப் பார்த்திருக்கிறார். சில இடங்களில் இது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் முதல் அரைமணி நேரத்தில் பெரிதாக எதுவும் நடக்காத கதையை இந்தக் குறும்புதான் தாங்கிப் பிடிக்கிறது.

ஸ்பீகலும் ரைமியும் 'த்ரீ ஸ்டூஜஸ்' வெறியர்கள். ஒருவர் கண்ணில் ஒருவர் குத்துவது, தலையில் பலகையால் அடிப்பது என்று 1930-களிலிருந்து ஓடிய அந்தக் குறும்படங்கள்தான் இவர்களுக்கு சினிமாப் பள்ளி. அந்தப் படங்களில் எத்தனையோ துணை வேடங்களில் வந்த முதியவர் எமில் சிட்கா இந்தப் படத்தில் ஒரு வாடிக்கையாளராக வருகிறார். அவரை அழைத்து வந்தது வெறும் மரியாதைக்காக என்று நினைத்துவிடக் கூடாது. படத்தின் கொலைகள் எல்லாமே அந்த அடிதடிக் காமெடியின் இலக்கணத்தில் எழுதப்பட்டவை. முதலில் சாமானைக் காட்டு. பிறகு ஆளை அதன் பக்கம் கொண்டுவா. ஒருமுறை ஏமாற்று. கடைசியில் அடி. அந்த அடி பார்க்கிறவர் எதிர்பார்த்ததைவிட ஒரு பங்கு கூடுதலாக விழ வேண்டும், 'ஐயோ' என்று முகத்தை மூடுகிறவர் அதே மூச்சில் சிரித்துவிட வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கத்தரி விழுந்த கதைக்கு இது தேவைப்படும்.

சரி, இப்படி ஒரு படத்துக்கு யார் பணம் போட்டார்கள்?

1978-இல் 'ஹாலோவீன்' என்ற ஸ்லாஷர் படம் சுமார் 3 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் மட்டும் 4.7 கோடி டாலர் வசூலித்தது. 1980-இல் 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' ஐந்தரை லட்சத்தில் எடுக்கப்பட்டு 4 கோடியை நெருங்கியது. அதற்குப் பிறகு கத்தி கிடைத்தவர்கள் எல்லாம் படமெடுத்தார்கள். தியேட்டரில் அந்த அலை சில வருஷங்களில் வடிந்துவிட்டது. ஆனால் அதற்குள் வீட்டுக்கு வீடு வி.சி.ஆர். வந்துவிட்டது. 1980-களின் கடைசியில் அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேல் அது இருந்தது. தெருவுக்கொரு வீடியோ கடை, கடையின் அலமாரிகளை நிரப்பப் புதுச் சரக்கு வேண்டும்.

அந்தக் கடைகளின் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பிரதியை விலைக்கு வாங்கியவர் அதை வாடகைக்கு விடலாம், வாடகையில் ஸ்டூடியோவுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. அதனால் ஸ்டூடியோக்கள் முதல் விற்பனையிலேயே எல்லாவற்றையும் கறந்துவிடப் பார்த்தன. ஒரு கேசட்டின் விலை 80, 90 டாலர் என்று வைத்தார்கள். கடைக்காரர் அதை இரண்டு மூன்று டாலர் வாடகைக்கு விட்டு, முப்பது நாற்பது முறை போய்வந்த பிறகுதான் போட்ட முதலைப் பார்ப்பார். ஆக, ஸ்டூடியோவைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் என்பவர் வெள்ளிக்கிழமை ராத்திரி சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர் அல்ல, 90 டாலரை எடுத்து வைக்கிற கடைக்காரர். அவர் வருகிற படத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பெட்டியைப் பார்ப்பார், பெயர்களைப் பார்ப்பார், இது அலமாரியில் ஓடுமா என்று யோசிப்பார். பெட்டி நல்லபடியாக அமைந்துவிட்டால் படம் எப்படி இருந்தாலும் பணம் வந்துவிடும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் சார்லஸ் பேண்ட். அவருடைய எம்பயர் பிக்சர்ஸ், சின்னச் செலவில் திகில் படங்களையும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களையும் வரிசையாக எடுத்துத் தள்ளிய கம்பெனி. ஸ்பீகலின் படம் அவர்கள் குடையின் கீழ்தான் வந்தது. படம் தயாரான நேரத்தில் எம்பயர் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. கம்பெனி கைமாறியது. படம் பாரமவுண்ட்டின் வீடியோ பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதே பாரமவுண்ட்டோடு கைகோத்து பேண்ட், ஃபுல் மூன் என்ற புதுக் கம்பெனியைத் தொடங்கி நேரடி வீடியோ படங்களில் நன்றாகவே பிழைத்துக்கொண்டார் என்பது வேறு கதை.

பெரிய ஸ்டூடியோவின் பெயர் கிடைத்ததே என்று ஸ்பீகலும் கூட்டாளிகளும் முதலில் சந்தோஷப்பட்டிருக்கலாம். வினை அங்கேதான் இருந்தது. அமெரிக்காவில் அரசாங்கத் தணிக்கை கிடையாது. 1968 முதல், ஸ்டூடியோக்களின் சங்கம் நடத்துகிற ஒரு வாரியம் படங்களுக்குத் தரச் சான்று தருகிறது. சான்று வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை. சின்னக் கம்பெனிகள் சான்றே இல்லாமல் கேசட் விற்றன, சில அதையே பெட்டியில் பெருமையாகப் போட்டுக்கொண்டன. ஆனால் பாரமவுண்ட் அந்தச் சங்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஸ்டூடியோ. அதற்கு 'ஆர்' சான்று வேண்டும், அதாவது 17 வயதுக்குக் கீழானவர்கள் பெரியவர் துணையோடு பார்க்கலாம் என்ற வகை. அந்த வருஷங்களில் ஸ்லாஷர் படங்கள் என்றாலே வாரியத்துக்கு வேப்பங்காய். பாரமவுண்ட் தானே வெளியிட்ட 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' ஏழாம் பாகத்தை 1988-இல் அவர்கள் கொத்திய கொத்தில், கொலைகள் எல்லாம் நிழலும் சத்தமுமாக மட்டும் மிஞ்சின. அந்தத் தொடரின் புகழ்பெற்ற கொலைகாரன் ஜேசனுக்கே அந்தக் கதி என்றால் மளிகைக் கடைக் கொலைகாரனுக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

88 நிமிடப் படத்தில் ஏறத்தாழ 5 நிமிடம் போனது. ஐந்து நிமிடம்தானே என்று தோன்றும். எந்த ஐந்து என்று பார்க்க வேண்டும்.

எலும்பு அறுக்கும் ரம்பக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனுடைய தலையை மேஜையில் அழுத்திப் பிடித்து, ஓடுகிற ரம்பப் பட்டையை நோக்கி மெதுவாகத் தள்ளுகிறது ஒரு கை. முழுப் படத்தில் கேமரா நகராமல் நின்று பார்க்கிறது. தலை பட்டையைக் கடந்து மறுபக்கம் போகும் வரை விடுவதில்லை. போதும் போதும் என்று நாம் நினைக்கிற இடத்தையும் தாண்டிப் போகிறது. அந்தத் தாண்டல்தான் இங்கே ஜோக். வெட்டிய பதிப்பில் தலை ரம்பத்தை நெருங்கியதும் காட்சி துள்ளி வேறெங்கோ போய்விடும். 'ஒரு ஊரில் ஒரு மாமியார்' என்று ஆரம்பித்து, சிரிக்க வேண்டிய கடைசி வரி வரும்போது சொல்கிறவர் எழுந்து போனால் எப்படி இருக்கும்? சாமானைக் காட்டியாயிற்று, ஆளைக் கொண்டுவந்தாயிற்று, ஏமாற்றியாயிற்று, அடி மட்டும் இல்லை. இப்படி ஒரு கொலைக்கு அல்ல, கிட்டத்தட்ட எல்லாக் கொலைக்கும். மிஞ்சியது, நிறையக் கேமராக் குறும்பு காட்டிவிட்டு எதையும் முடிக்காத படம். அந்தப் பதிப்பை மட்டும் பார்த்தவர்கள் 'சுமார்' என்று சொன்னதில் தப்பே இல்லை.

ரத்தக் காட்சி குறைந்ததற்கெல்லாம் ஒப்பாரியா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தம் பிடிக்காதவர்களுக்கு எந்தப் பதிப்பும் வேண்டாம், அது நியாயம். ஆனால் இந்தக் காட்சிகளைச் செய்து கொடுத்தவர்கள் ராபர்ட் கர்ட்ஸ்மன், கிரெக் நிகோடெரோ, ஹோவர்ட் பெர்கர் என்ற மூன்று பேர். 1988-இல் கே.என்.பி. என்று கம்பெனி ஆரம்பித்த புதிது. நுரை ரப்பரும் சாயமும் குழாய்களும் வைத்து அவர்கள் பார்த்த வேலைதான் இந்தப் படத்தின் சண்டைக் காட்சி, பாட்டுக் காட்சி எல்லாம். அதை எடுத்துவிட்டுப் படத்தை வெளியிடுவது, நடனப் படத்தில் நடனத்தை வெட்டுகிற மாதிரி.

பெட்டிக்கு வருவோம். நடுவழியில் செத்துப்போகிறவர் சாம் ரைமி, போலீஸ் உடையில் தலைகாட்டுகிறவர் புரூஸ் கேம்ப்பெல். ரைமியின் பெயருக்கும் கேம்ப்பெல்லின் பெயருக்கும் 'ஈவில் டெட்' காரணமாக வீடியோ கடைகளில் மதிப்பு இருந்தது. 90 டாலர் கணக்குப் போடுகிற கடைக்காரருக்கு அந்த இரண்டு பெயர்களைக் காட்டினால் வேலை முடிந்தது. ஜெனிஃபராக நடித்து, படத்தைத் தோளில் சுமந்த எலிசபெத் காக்ஸின் பெயர் யாருக்குத் தெரியும்? சாம் ரைமியின் தம்பி டெட் ரைமியும் நடித்திருக்கிறார், நடிகர் மார்ட்டின் ஷீனின் மகள் ரெனே எஸ்டெவெஸும் நடித்திருக்கிறார். அவர்களாலும் விற்க முடியாது. கொலைகாரன் வெளியே தெரிந்ததும் இதே கணக்கில்தான் என்பது என் ஊகம். பெட்டிக்கு மிரட்டலான படம் வேண்டும். படத்திலேயே மிரட்டலான முகம் யாருடையது? முடிந்தது கதை. புதிரைக் காப்பாற்ற வேண்டியது படம் பார்க்கிறவருக்காக, அவருக்கும் இந்த வியாபாரத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லையே. தலைப்பும் மாறியது. ஸ்பீகல் விரும்பிய 'நைட் க்ரூ: தி ஃபைனல் செக்அவுட்' என்பதில் கடைசியாகப் பில் போட்டுக் கணக்கு முடிப்பது என்ற சிலேடை இருந்தது. 'இன்ட்ரூடர்' என்ற தலைப்பை எந்தப் படத்துக்கும் வைக்கலாம். போதாததற்கு, வெளியாள் புகுந்துவிட்டான் என்று அது பார்க்கிறவரை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, பெட்டிப் படம் இன்னொரு பக்கம் இழுக்கிறது.

அப்புறம் படத்தை எல்லாரும் மறந்திருக்க வேண்டும். மறக்கவில்லை. வெட்டப்படாத பணிப்பிரதி (படத்தொகுப்பு முடியும் முன் வேலைக்காக வைத்திருக்கும் பிரதி) ஒன்று எப்படியோ வெளியே கசிந்து, ரசிகர்கள் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிந்து தபாலில் மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவை பதியும்போதும் படம் இன்னும் மங்கும். இருட்டுக் காட்சிகள் சேறாகிவிடும். நாலாவது பதிவில் ரம்பம் எது தலை எது என்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பதிப்பு தெளிவு, ஆனால் அரைகுறை. கையில் கிடைக்கும் பதிப்பு முழுசு, ஆனால் புகை.

இன்னொரு பக்கம், அந்த மூடிக்கிடந்த கடையில் இரவு கண்விழித்தவர்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். ஸ்பீகல் வழியாகக் குவென்டின் டாரன்டினோவை அறிமுகம் செய்துகொண்ட பெண்டர், 1992-இல் 'ரிசர்வாயர் டாக்ஸ்', 1994-இல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' தயாரித்தார். அட்டை நசுக்கும் பையனாக வந்த பர் ஸ்டீயர்ஸ் அந்த 'பல்ப் ஃபிக்‌ஷ'னில் ஒரு சின்ன வேடம் செய்து, பிறகு இயக்குநரானார். கே.என்.பி. ஹாலிவுட்டின் பெரிய ஒப்பனைப் பட்டறைகளில் ஒன்றானது. கறிக் கொக்கியில் தொங்கிய சாம் ரைமி 2002-இல் 'ஸ்பைடர்-மேன்' எடுத்தார். 1989-இல் அளவுக்கு மீறி விற்கப்பட்ட பெயர்கள் இப்போது உண்மையிலேயே அந்த விலைக்குத் தகுந்தவை ஆகிவிட்டன. பெட்டியில் சொன்ன பொய் பதினைந்து வருஷத்தில் பாதி உண்மையானது என்று சொல்லலாம்.

2005-இல் வெட்டில்லாத பதிப்பு டி.வி.டியாக வந்தது. பெரிய அக்கறை எடுத்துச் செய்த வெளியீடு என்று சொல்ல முடியாது, ஆனாலும் முழுப் படம் சட்டப்படி கையில் கிடைத்தது. சரியான மரியாதை கிடைத்தது 2011 டிசம்பரில், சினாப்ஸ் ஃபிலிம்ஸ் ப்ளூ-ரே வெளியிட்டபோது. பழைய திகில் படங்களின் மூலச் சுருளைத் தேடிப்பிடித்து, சுத்தம் செய்து வெளியிடுவதையே தொழிலாக வைத்திருக்கிற சின்னக் கம்பெனி அது. இவர்களின் வியாபாரக் கணக்கு தலைகீழ். இங்கே கடைக்காரர் நடுவில் இல்லை. வாங்குகிறவர் ஏற்கெனவே படம் தெரிந்த ரசிகர், ஒரு காட்சி குறைந்தாலும் கண்டுபிடித்துச் சண்டைக்கு வருகிறவர். அவரை ஏமாற்றினால் அடுத்த டிஸ்க் விற்காது. 1989-இல் படத்தை வெட்டச் சொன்னதும் காசுதான், 2011-இல் ஒட்டச் சொன்னதும் காசுதான்.

ப்ளூ-ரேயில் கடை கடையாகத் தெரிகிறது. அலமாரிகளில் டப்பாக்கள் வரிசையாக, குளிர்பெட்டியின் நீல வெளிச்சம், ஃபெர்னாண்டோ ஆர்குவெய்யெஸ் என்ற ஒளிப்பதிவாளர் இருட்டுக்குள் வைத்திருந்த நிறங்கள். பழைய வி.எச்.எஸ். கேசட்டில் எல்லாம் ஒரே பழுப்பு. தள்ளுவண்டிக்குள்ளிருந்து பார்க்கும் காட்சியில் கம்பி வலை கூராக முன்னால் நிற்கிறது, முகம் பின்னால் தெரிகிறது. எடுத்தவர் நினைத்தது இதைத்தானா என்று அப்போதுதான் புரியும். ஒரு நஷ்டமும் உண்டு. ரம்பத்தில் போகும் தலை ரப்பர் என்பதும் இப்போது பளிச்சென்று தெரிகிறது. மங்கலான கேசட்டில் இருந்த ஒரு நம்பும்படியான அருவருப்பு தெளிவான டிஸ்க்கில் கொஞ்சம் குறைந்துதான் போகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை, காமெடி கூடுதலாக வேலை செய்கிறது.

டிஸ்க்கோடு ஸ்பீகலும் பெண்டரும் பேசும் விளக்க ஒலித்தடம், படம் உருவான கதையைச் சொல்லும் ஆவணப்படம் எல்லாம் இருக்கின்றன. ஆவணப்படத்தின் பெயர் 'ஸ்லாஷ்டு ப்ரைசஸ்'. தள்ளுபடி விலை என்றும் வெட்டுப்பட்ட விலை என்றும் படிக்கலாம். தலைப்பில் பறிகொடுத்த சிலேடைக்குக் கிடைத்த நஷ்டஈடு போல. பணிப்பிரதியிலிருந்து எடுத்த நீளமான கொலைக் காட்சிகளையும் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மூலமான அந்தச் சூப்பர் 8 'நைட் க்ரூ' மட்டும் முழுதாக இல்லை. படம் தொலைந்துவிட்டது. தொகுக்கும்போது வேண்டாம் என்று ஒதுக்கிய துண்டுகள் மட்டும் எங்கோ மிஞ்சியிருந்தன, அவற்றைத்தான் டிஸ்க்கில் வைத்திருக்கிறார்கள்.